கேமராவுக்கு போன் போட முடியாது

சாலையில் கேமரா வைத்து அபராதம் போடுவதை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது, "இது ஜனங்ககிட்ட பணம் பிடுங்குற வேலை" என்பதுதான். அப்படிச் சொல்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் ஆயிரம் ரூபாய்க்கு இ-சலான் வந்து விழுந்தால் யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் நான் கேமரா பக்கம்தான். கூடவே ஒரு சண்டையும் இருக்கிறது: அந்தக் கேமராக்கள் வைக்க வேண்டிய இடத்தில் இல்லை.

2023-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 18,347 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. ஒரு நாளைக்கு ஐம்பது பேர். சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடி நாம்தான். அந்த மாநிலத்தின் ஜனத்தொகை நம்மைப்போல் மூன்று மடங்கு. விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்கு. இந்தியா முழுக்க நடந்த சாலை மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிவேகத்தால் வந்தவை என்று அதே கணக்கு சொல்கிறது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தி அபராதங்களை ஏற்றினார்கள். தமிழக அரசு 2022 அக்டோபரில் அவற்றை அமலுக்குக் கொண்டுவந்தது. குடித்துவிட்டு ஓட்டினால் பத்தாயிரம், ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டியைக் கொடுத்தால் கொடுத்தவருக்கு மூன்று ஆண்டு வரை ஜெயில் என்றுகூட அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சட்டம் புத்தகத்தில் இப்படிக் கடுமையாக இருக்க, ரோட்டில் என்ன நடக்கிறது? வண்டியை மறித்ததும் லைசென்ஸுக்கு முன்னால் செல்போன் வெளியே வருகிறது. "சார், ஒரு நிமிஷம் பேசிடுங்க" என்று காவலரிடம் போனை நீட்டுகிறோம். அந்தப் பக்கம் வட்டச் செயலாளர் இருப்பார், வக்கீல் இருப்பார், பெரிய அதிகாரியின் மச்சினர் இருப்பார். பேசத் தெரிந்த ஆள் உள்ளவர் போய்விடுகிறார். ஆள் இல்லாதவர் கட்டிவிட்டுப் போகிறார். வெயிலில் நிற்கும் அந்தக் காவலர் என்ன செய்வார்? யாருடைய போனை மறுக்கலாம், யாருடையதை மறுத்தால் நாளைக்கு வேறு ஊருக்குப் போக வேண்டிவரும் என்று அவருக்குத் தெரியும்.

போன் போடும் சிரமம்கூட வேண்டாம் என்று நினைத்தவர்கள் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள். போலீஸ், பிரஸ், வழக்கறிஞர், கட்சிக் கொடி, ஏதோ ஒரு துறையின் முத்திரை. 2024 மே 2 முதல் தனியார் வண்டிகளில் இப்படி ஒட்டக் கூடாது என்று சென்னை போக்குவரத்துக் காவல் துறை உத்தரவு போட்டது. உடனே எங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று மருத்துவர்கள் நீதிமன்றம் போனார்கள். அவசரத்துக்கு ஓடுகிற மருத்துவருக்கு ஒரு நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் எதற்கு?

அதே மாதம் நாங்குநேரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார், நடத்துநர் விடவில்லை, வீடியோ ஊரெல்லாம் பரவியது. அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் காவலர்கள் அரசுப் பேருந்துகளை நிறுத்தி நிறுத்தி அபராதம் போட்டார்கள். ஓட்டுநர் சீட் பெல்ட் போடவில்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினார் என்று சலான் மேல் சலான். உள்துறைச் செயலாளரும் போக்குவரத்துத் துறைச் செயலாளரும் உட்கார்ந்து பேசினார்கள். காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள். அபராதமும் நின்றுவிட்டது. பலரும் சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் வருத்தமான செய்தியாகப் பட்டது. அந்தப் பேருந்துகள் அதற்கு முந்தின மாதமும் நிறுத்தக் கூடாத இடத்தில்தானே நின்றன? கோபம் வந்தால் மட்டும் எடுக்கிற சட்டத்துக்கு யார் பயப்படுவார்கள்?

கேமராவின் பெருமை இங்கேதான். அதற்கு போன் போட முடியாது. அதற்கு ஸ்டிக்கர் படிக்கத் தெரியாது. நம்பர் பிளேட்டை மட்டும் படிக்கிறது.

எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அக்கா ஒருநாள் போனைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, இது நெசமான மெசேஜா, இல்ல ஏமாத்துறவனுங்க அனுப்புனதா, பாருப்பா." போலி சலான் அனுப்பிப் பணம் திருடுவது பெருகிவிட்ட காலம், அவர் பயந்ததில் தப்பில்லை. அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன், உண்மையான சலான்தான். படம் திறந்தது. ஒரு சந்திப்பு, வெள்ளைக் கோட்டைத் தாண்டி நிற்கும் ஸ்கூட்டர், அதில் மூன்று பேர். ஓட்டுவது அக்காவின் மகன். ஹெல்மெட் இருக்கிறது, முழங்கையில் தொங்குகிறது. அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "வீட்ட விட்டு எறங்கும்போது தலையில மாட்டிக்கிட்டுதான்பா போனான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "போலீஸ்காரர் புடிச்சிருந்தா எரநூறு ரூவா குடுத்துட்டு வந்திருப்பான். எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்றார்.

நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் இப்படி மின்னணுக் கருவிகள் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஏ பிரிவு. இந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவர நீதிமன்றத்தில் நடக்கும் போராட்டத்தில் ஒரு தமிழரின் பெயர் இருக்கிறது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு போட்டார். உடைந்த முதுகெலும்புகளை வருஷக்கணக்காகச் சேர்த்துக்கொண்டிருந்தவர், உடைவதையே தடுக்க முடியாதா என்று கேட்டுப் போட்ட வழக்கு அது. அதன் பேரில்தான் 2014-ல் உச்ச நீதிமன்றம் நீதிபதி கே.எஸ்.ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அதே வழக்கில்தான் 2024-ல், 136ஏ பிரிவை நடைமுறைப்படுத்துங்கள் என்று மாநிலங்களுக்கு உத்தரவு போனது.

அந்தப் பிரிவுக்கான விதியை மத்திய அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்டது. கேமரா இருக்கிறது என்று எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் சான்றிதழ் வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஒளித்து வைத்துப் பிடிக்கிறார்கள் என்று புகார் சொல்பவர்கள், இந்த விதியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்கலாம். விதியின்படி கேமரா முதலில் எங்கே போக வேண்டும் என்றும் இருக்கிறது: விபத்து அதிகம் நடக்கும் தேசிய, மாநில நெடுஞ்சாலைகள், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களின் முக்கியச் சந்திப்புகள்.

நம் ஊரில் சந்திப்புக்கு வந்துவிட்டது. சென்னை அண்ணா நகரில் 2019-லேயே நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்களை வைத்தார்கள். பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. நெடுஞ்சாலைகளில் அந்த வேகம் இல்லை. சிக்னலில் வெள்ளைக் கோட்டை அரை அடி தாண்டியவருக்கு சலான் வருகிறது, திண்டிவனத்தைத் தாண்டி 140-ல் பறக்கிறவருக்கு ஒன்றும் வருவதில்லை. மக்களுக்குக் கேமரா மேல் கோபம் வருவதற்கு இதுவே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். கோட்டைத் தாண்டியதும் தவறுதான். ஆனால் எது ஆளைக் கொல்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

உளுந்தூர்பேட்டை பக்கம் நெடுஞ்சாலையோர டீக்கடை ஒன்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே நடுத்தடுப்பில் ஒரு இடைவெளி. ஊர் இந்தப் பக்கம், பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் அந்தப் பக்கம். ஒரு பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்கிறார். பிள்ளையை நடத்திக்கொண்டு நடுத்தடுப்பு வரை போக ஆறேழு வினாடி ஆகும். 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஆறு வினாடியில் 200 மீட்டர் வந்துவிடும். அந்தப் பெண் முதல் அடி எடுத்து வைக்கும்போது கார் தூரத்தில் ஒரு புள்ளி. அது 80-ல் வருகிறதா, 120-ல் வருகிறதா என்று அவ்வளவு தொலைவில் எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. 80-ல் வருகிறது என்று நம்பித்தான் அவர் இறங்குகிறார். நான் பார்த்த நேரத்தில் ஒரு காரும் அந்த இடத்தில் வேகம் குறைக்கவில்லை. கடைக்காரர் டீ ஆற்றியபடியே, "போன வருஷம் எங்க மாமனார் போனது அந்த சந்துலதான் சார்" என்றார். அங்கே சுரங்கப்பாதை வேண்டும், விளக்கு வேண்டும், அதெல்லாம் தனியாகக் கேட்க வேண்டியது. அது வருகிற வரைக்குமாவது ஒரு கேமராவும் ஒரு பலகையும் வைக்கக் கூடாதா?

நெடுஞ்சாலை முழுக்கக் கேமரா வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முழுக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். பரனூர் சாவடியை ஒரு வண்டி எத்தனை மணிக்குத் தாண்டியது என்பது கணினியில் பதிவாகிறது, ஆத்தூர் சாவடியை எத்தனை மணிக்குத் தாண்டியது என்பதும் பதிவாகிறது. நடுவில் உள்ள தூரம் மாறப்போவதில்லை. சராசரி வேகம் என்ன என்பது ஆறாம் வகுப்புக் கணக்கு. இத்தாலியில் 2005-லிருந்தே இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை வைத்து அபராதம் போடுகிறார்கள். மும்பை–புணே விரைவுச் சாலையிலும் அந்த முறை வந்துவிட்டது. ஒற்றைக் கேமரா என்றால் அதன் முன்னால் மட்டும் பிரேக் போட்டுவிட்டு மறுபடி மிதிப்பார்கள். சராசரி வேகத்தை அப்படி ஏமாற்ற வழியில்லை. சுங்கக் கட்டணம் எடுக்க நம் வண்டியை நொடியில் அடையாளம் காணும் அரசுக்கு, உயிரைக் காப்பதற்கு மட்டும் அது முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். வேகம் பார்த்து முடித்ததும் அந்தப் பதிவை அழித்துவிட வேண்டும், வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதிவிடுங்கள். கண்காணிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களின் பயம் நியாயமானது.

சாலை நன்றாக இருக்கிறது, வண்டியும் நவீனமாகிவிட்டது, வேகமாகப் போனால் என்ன என்பவர்கள் உண்டு. மத்திய அரசே 2018-ல் வேக வரம்பை உயர்த்தியது. விபத்தில் உடல் முடங்கிப்போன ஒரு பெண் பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றம், 2021-ல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. எஞ்சினின் திறன் கூடியிருக்கலாம். சாலையைக் கடக்கும் மனிதரின் எலும்பு பழைய எலும்புதான். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கேரளத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 726 கேமராக்களை நிறுவி, 2023 ஜூன் 5 முதல் அபராதம் போட ஆரம்பித்தார்கள். அந்த மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் மூலம் நடந்த 232 கோடி ரூபாய்த் திட்டம். ஒப்பந்தத்தில் ஊழல் என்று எதிர்க்கட்சிகள் கிளம்பின, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கணவன், மனைவி, சின்னப் பிள்ளை என்று மூன்று பேர் பைக்கில் போனால் அபராதமா என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். மாநில அரசு விலக்கு கேட்டது, மத்திய அரசு மறுத்துவிட்டது. எம்.எல்.ஏ.க்கள், எம்.பி.க்களின் வண்டிகளும் சிக்கின. அதுவரை எல்லாம் நல்லது. பிறகு கெல்ட்ரானுக்குத் தர வேண்டிய பணம் பாக்கி விழுந்து, கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் குறைந்து, நோட்டீஸ் அனுப்புவது தடுமாறியது. கேமரா தானாக வேலை செய்வதில்லை. எடுத்த படத்தை ஒருவர் உட்கார்ந்து சரிபார்த்து அனுப்ப வேண்டும். அவருக்குச் சம்பளம் போக வேண்டும்.

அபராதத்தைப் பற்றி எனக்கு உள்ள பெரிய மனக்குறை வேறு. ஆயிரம் ரூபாய் என்பது உணவு டெலிவரி செய்யும் பையனுக்கு ஒரு நாள் கூலி முழுசாகப் போவது. பெரிய காரில் போகிறவருக்கு அது பார்க்கிங் கட்டணம் மாதிரி, கட்டிவிட்டு மறுநாளும் அதே வேகத்தில் போகலாம். போதாததற்கு, கேமரா பார்ப்பது நம்பர் பிளேட்டை. சலான் போவது உரிமையாளருக்கு. லாரியை விரட்டச் சொன்னது யார், ஓட்டியது யார் என்பது அதில் வராது. அதனால் பணத்தோடு நிறுத்தக் கூடாது. ஒரே ஆண்டில் மூன்று முறை வேக வரம்பை மீறியவரின் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்க வேண்டும். வண்டியை ஓட்டியது தான் இல்லை என்று உரிமையாளர் சொன்னால், ஓட்டியவர் பெயரை அவர் எழுதித் தர வேண்டும். நம்பர் பிளேட்டை மடக்கி வைத்தவர்களையும் துணி கட்டி மறைத்தவர்களையும் ரோட்டில் நிற்கும் காவலர் பிடிக்கட்டும். கேமரா வந்துவிட்டால் அவருக்கு அந்த நேரம் கிடைக்கும்.

விபத்து நடந்த பிறகு நம் அரசு நன்றாகவே செய்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும். அதைக் கொண்டுவந்த அரசிடம் இன்னொன்று கேட்பதில் தப்பில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது. அடிக்கடி உயிர் போகும் இடங்களின் பட்டியல் அந்த மேஜை மேல் இருக்கிறது. அந்தப் பட்டியலை ஊர் பெயரோடு, கிலோமீட்டர் கல் எண்ணோடு மக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். அடுத்து வாங்கும் கேமராக்களை அந்த வரிசைப்படி வையுங்கள். வசூலாகும் அபராதப் பணம் எவ்வளவு, அதில் எந்த ஊருக்கு விளக்குப் போட்டீர்கள், எங்கே நடைபாதை கட்டினீர்கள் என்று அதே பட்டியலின் பக்கத்தில் எழுதி வையுங்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று சொல்பவர்களுக்கு அப்போது நானே போய்ப் பதில் சொல்கிறேன்.