மூன்றாம் பருவப் புத்தகத்தை யார் படிப்பது?



பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பக்கம் போய்ப் பாருங்கள். டீச்சர் பெயர் கூப்பிடும்போது சில பெயர்களுக்குப் பதிலே வராது. "சூளைக்குப் போயிட்டாங்க டீச்சர்" என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் சொல்லும்.

திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் நம்ம ஊரில் நிறைய. மழை பெய்தால் பச்சைக்கல் கரைஞ்சிடும். அதனால் தை மாசம் போனால் வெயில் காலம் முழுக்க வேலை. திரும்பி வர ஆனி ஆயிடும். பள்ளியிலோ மூன்றாம் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிடும். அதாவது ஒரு பருவப் புத்தகம் முழுவதையும் அந்தப் பிள்ளைகள் தொடுவதே இல்லை.

"சின்ன கிளாஸ்தானே, என்ன பெரிசா போயிடப் போகுது?" என்று சிலர் சொல்கிறார்கள். இது தப்பு என்பது என் கருத்து. சின்ன வகுப்பில்தான் அதிகமாகப் போகுது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் நோட்டு வாங்கி எழுதிக்கலாம். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும்போது விட்டுப்போனால் யார் நோட்டை வாங்குவது?

என் தம்பி இப்போ இரண்டாம் வகுப்பு. போன வருஷம் போகும்போது 'பட்டம்', 'மரம்' எல்லாம் வாசித்தான். ஆறு மாசம் கழித்து வந்தபோது 'ம'வுக்கும் 'ழ'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தான். ஆனாலும் இரண்டாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்பு வரைக்கும் ஃபெயில் கிடையாது. அது நல்லதுதான். ஆனால் வகுப்பு ஏறினால் மட்டும் போதுமா, வாசிப்பும் கூடவே ஏற வேண்டாமா? இந்தத் தை மாசமும் அவனைக் கூட்டிப் போகப் போறாங்க.

அப்பா அம்மாவை நான் குறை சொல்லவில்லை. முன்பணம் வாங்கியாச்சு, போய்த்தான் ஆகணும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ராத்திரியே எழுந்து மண் குழைத்து, விடிவதற்குள் பாதி அறுத்துடுவாங்க. நான் ஆயாவோடு இருந்துக்குவேன். ஏழு வயசுப் பையன் ஆறு மாசம் அம்மாவை விட்டு இருப்பானா? ஆயாவுக்கும் முடியல. அதனால் "பிள்ளையை விட்டுட்டுப் போங்க" என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம்.

நான் சொல்வது வேற. கூட்டிப் போங்க. ஆனால் போன வாரமே அங்கே இருக்கிற அரசுப் பள்ளியில் சேர்த்துடுங்க.

இது யாரும் நமக்குத் தரும் சலுகை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 வயது முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க மாட்டோம் என்று சொல்லக் கூடாது. டி.சி. வரத் தாமதம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்றும் அதில் இருக்கிறது.

ஒடிசாவில் இருந்தும் சூளைக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே பாஷையே புதுசு. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அங்கேயும் அதே தமிழ், அதே புத்தகம், அதே மூன்றாம் பருவம். 1982-ல் ஊர்ப்புறப் பள்ளிகளுக்கு வந்த சத்துணவும், 2022-ல் தொடங்கிய காலை உணவும் அங்கேயும் உண்டு. சூளையில் கல் திருப்பிப் போட்டுக்கிட்டு, பழைய சோறு சாப்பிட்டுக்கிட்டு இருப்பதற்கு இது மேல் இல்லையா?

"சூளை ஊருக்கு வெளியே இருக்கு, யார் கொண்டுபோய் விடுறது?" என்று அம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. முன்பணம் வாங்கும்போதே மேஸ்திரியிடம் இதையும் பேசிடணும். ஒரு சூளையில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பெரிய பிள்ளை ஒண்ணு முன்னாடி நடக்க, எல்லாரும் சேர்ந்து போகலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊருக்குப் போகிற பிள்ளையிடம் அதன் எமிஸ் எண்ணையும், எந்தப் பாடம் வரை நடத்தியிருக்கு என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். அந்த ஊர் டீச்சருக்கு அது போதும்.

தோழர் தோழிகளே, நமக்கும் ஒரு வேலை இருக்கு. திரும்பி வருகிற பிள்ளைகளை "ஏய் சூளை" என்று கூப்பிடாதீர்கள். அப்படிக் கூப்பிட்டே பள்ளிக்கு வராமல் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நான் வருகிறேன், இன்னும் யார் யார் வருவீங்க?

எனக்கு 14 வயசு. அந்தச் சட்டம் எனக்கு முடியப் போகுது. தம்பிக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு. அதில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பருவம் சூளையிலேயே போனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடும்பம் எந்த ஊருக்கு வேணும்னாலும் போகட்டும். பிள்ளையின் பெயர் ஏதாவது ஒரு வருகைப் பதிவேட்டில் இருக்கணும். சிந்திப்போம்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி