அல்லிராணிக் கோட்டையைப் பிள்ளைகள் அளக்கட்டும்

ஆசிரியருக்கு,

மன்னாரின் தொல்லிடங்களைக் காக்க இளையோரைச் சேர்க்கவேண்டும் என்ற உங்கள் கட்டுரையை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அது வழக்கமான பேச்சுப்போட்டியோடு நின்றுவிடக் கூடாது.

என் மாணவர்களை அரிப்பு என்ற கடலோர ஊருக்குக் கூட்டிப்போனேன். ‘அல்லிராணிக் கோட்டை’ எல்லோருக்கும் தெரியும். அது பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. கடல் அரித்த கரையில் சுவர் சரிந்து செங்கற்கள் கிடந்தன. உதிர்ந்த சாந்துத் துண்டொன்றைக் காட்டி, “டீச்சர், இது சிப்பிச் சுண்ணாம்பா?” என்றான் ஒருவன். வகுப்பில் இப்படிக் கேட்கிற பிள்ளை அல்ல அவன்.

அக்கரையில், தமிழ்நாட்டின் ராமநாதபுரம் மாவட்டத் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்துப் பிள்ளைகள் கல்வெட்டுப் படிக்கவே பழகியிருக்கிறார்கள். நமக்கோ பழந்துறைமுகமான மாந்தையும் மன்னார்க் கோட்டையும் பள்ளிமுனைப் பெருக்கமரமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

தொல்லியல் திணைக்கள அனுமதியோடு பாடசாலைதோறும் வரலாற்று மன்றம் அமைக்கலாம். மாதந்தோறும் பிள்ளைகள் அரிப்பில் கோட்டைச் சுவருக்கும் கரைவிளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து படமெடுக்கட்டும். தனுஷ்கோடியை அழித்த 1964 புயலுக்கு முன் தலைமன்னாரிலிருந்து அங்கே கப்பலேறிப் போனவர்களின் பேச்சைக் கைபேசியில் பதியட்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, அதை முதலில் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஆசிரியை ஒருவர், மன்னார்