கர்நாடக இசைக்கு ஒரு பண்பலை

ஆசிரியர் அவர்களுக்கு,

அடையாறிலிருந்து தி.நகர் போய்ச் சேர்வதற்குள் எந்தத் தனியார் பண்பலையைத் திருப்பினாலும் சினிமாப் பாட்டுதான். பெங்களூரில் ஆகாசவாணி 100.1-இல் ‘அமிர்தவர்ஷினி’ என்று சாஸ்திரிய இசைக்கே ஓர் அலைவரிசை நடத்துகிறது. 1938-இல் தொடங்கி, 1977-இல் நாட்டிலேயே முதன்முதலில் பண்பலை ஒலிபரப்பிய சென்னை வானொலிக்கு அப்படி ஒன்று இல்லை. 2017-இல் யுனெஸ்கோ இசைக்காகவே தேர்ந்தெடுத்த ஊர் இது!

இங்குள்ள ஆகாசவாணிப் பண்பலைகளில் ஒன்றையாவது கர்நாடக இசைக்கு மாற்ற வேண்டும். சினிமாப் பாட்டு ரசிகர்களுக்கு நஷ்டமில்லை. அவர்களுக்கு வேறு நிலையங்கள் ஏராளம். மார்கழி முடிந்தபின், சபா படியேற முடியாத என் அம்மா போன்றவர்களுக்கு வானொலியை விட்டால் வேறு கச்சேரி ஏது? கச்சேரி வரும் மத்திய அலையோ எங்கள் அடுக்குமாடியில் வெறும் இரைச்சல்.

ஒரு வாசகி,
மயிலாப்பூர்