பேப்பர் கிளாசுக்கு முன்னால் வாசிப்பு

பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத் தோட்டங்களில் பிள்ளை நான்காம் தரத்துக்குப் போனதுமே வீட்டில் 'ஸ்கொலர்ஷிப்' எனப்படும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் பேச்சு தொடங்கிவிடுகிறது. பாடசாலை விட்டதும் மாதிரி வினாத்தாள் எழுதிப் பழகும் பேப்பர் கிளாஸ், சனி ஞாயிறிலும் அதுதான். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. மாதிரி வினாத்தாளுக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் இப்படியான நாட்சம்பளத்திலிருந்துதான் காசு எடுக்க வேண்டும்.

பெற்றோரைக் குறை சொல்ல நியாயமில்லை. 1940களில் நாடு இலவசக் கல்வி பெற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆயின. ஒற்றை அறையில் ஒரே வாத்தியாரிடம் படித்த தலைமுறை, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைத் தன் பிள்ளைக்குத் திறந்த வழியாகப் பார்க்கிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் பதுளை, பண்டாரவளைப் பெரிய பாடசாலைகளில் இடம் கேட்கலாம். வசதி குறைந்த குடும்பத்துக்கு உதவிப்பணமும் உண்டு.

ஆனால் இந்தத் தயாரிப்பு பிழையான இடத்தில் தொடங்குகிறது.

பரீட்சையில் இரண்டு தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். முதல் தாளின் 40 வினாக்களுக்கு ஒரு மணி நேரம், அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு வினாவைப் புரிந்துகொள்ளவே அந்த நேரம் போதாது. நூறு மாதிரித் தாள்களை எழுதினாலும் இந்தக் குறை தீராது. சரளமாக வாசிக்கும் பழக்கம் ஒன்று முதல் மூன்றாம் தரத்துக்குள் வர வேண்டியது. அந்த வகுப்புகளில் ஆசிரியர் பற்றாக்குறை இருக்கும்போது, உள்ள நல்ல ஆசிரியரையும் ஐந்தாம் தரத்துக்கு மாற்றிவிடுவது, பரீட்சையில் தேறக்கூடிய சிலருக்காக மற்றப் பிள்ளைகளைக் கைவிடுவதாகும்.

இந்தப் போட்டி எவ்வளவு முற்றிவிட்டது என்பதை 2024ஆம் ஆண்டுப் பரீட்சை காட்டியது. வினாக்கள் முன்கூட்டியே வெளியானதால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் மூன்று வினாக்களுக்கு எல்லோருக்கும் புள்ளி வழங்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் மாதக்கணக்கில் பெறுபேறுக்குக் காத்திருந்தார்கள். பரீட்சைக்குச் சில நாட்கள் முன்பிருந்து மேலதிக வகுப்புகளையும் மாதிரித் தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் ஆண்டுதோறும் தடை செய்கிறது. ஆனால் அதற்கு முந்திய இரண்டு வருட நெருக்கடியை இந்தத் தடை தொடுவதில்லை.

ஊவா மாகாணக் கல்வித் திணைக்களம் முதலில் தோட்டப் பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நியமிக்கட்டும். தினமும் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென்றே ஒதுக்கட்டும். மாதிரி வினாத்தாள் ஐந்தாம் தரத்தில் வந்தால் போதும். பெற்றோரும் மூன்றாம் தரப் பிள்ளையின் கையில் வினாத்தாளுக்குப் பதிலாக ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லட்டும்.