பெருவில் உருகும் பனியும் ஹம் நகரத்துத் தீர்ப்பும்

ஜேர்மனியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போகாதவர்கள் குறைவு. அந்தக் கோயில் ஒரு தொழிற்பேட்டைக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும். அதற்குக் கிட்டவே ஆர்.டபிள்யூ.இ நிறுவனத்தின் பெரிய நிலக்கரி மின்நிலையம் ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது. அங்கே நிலக்கரி எரிப்பது 2021இல்தான் நின்றது. இதே ஹம் நகரத்தின் உயர் நீதிமன்றம் 2025 மே 28இல் அந்த நிறுவனம் தொடர்பாக ஒரு தீர்ப்புச் சொன்னது. நம் வயதுக்காரர் எல்லோரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வழக்குப் போட்டவர் சவூல் லூசியானோ லியூயா. தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வராஸ் நகரத்தைச் சேர்ந்த விவசாயி. மலை ஏறுவோருக்கு வழிகாட்டியும்கூட. அவருடைய ஊருக்கு மேலே, அந்தீஸ் மலையில் பல்ககோச்சா என்றொரு ஏரி உண்டு. 1941இல் அதன் கரை உடைந்து, குறைந்தது 1,800 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சிறுத்துப்போன ஏரி இப்போது மறுபடியும் பல மடங்கு பெருத்திருக்கிறது. மேலே இருக்கும் பனியாறு உருகுவதே காரணம்.

பனியாறு என்பது ஆண்டாண்டாய்ச் சேர்ந்து இறுகி, மலைச்சரிவில் மெல்ல நகரும் பனி. நாம் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்க்கும் ஆல்ப்ஸ் பனியாறுகளுக்கு மாரிகாலம் என்றொரு ஓய்வு கிடைக்கிறது. அப்போது பனி சேரும், கோடையில் உருகும். வெப்பமண்டலத்தில் அப்படி இல்லை. அங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றுதான். பனியாற்றின் கீழ்ப்பகுதி பன்னிரண்டு மாதமும் உருகிக்கொண்டே இருக்கும். மேலே விழும் புதுப்பனிதான் அதை ஈடுசெய்யும். வெப்பம் கொஞ்சம் கூடினாலும் பனியாக விழவேண்டியது மழையாக விழுகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பனி குறைய, அடியிலுள்ள அழுக்கேறிய பழைய பனி வெளியே தெரிகிறது. அது வெயிலை உறிஞ்சி இன்னும் வேகமாக உருகுகிறது.

உலகின் வெப்பமண்டலப் பனியாறுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெருவில் இருக்கின்றன. கடந்த அறுபது ஆண்டுகளில் அவற்றின் பரப்பில் பாதிக்கும் மேல் போய்விட்டது. பக்கத்து நாடான பொலிவியாவில் சகால்தாயா பனியாறு 2009இல் முற்றாக மறைந்தது. ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான பனிச்சறுக்குத் தளம் அங்கேதான் இருந்தது. வெனிசுவேலாவின் கடைசிப் பனியாறு இன்று பனியாறு என்று சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

உருகினால் தண்ணீர் கூடும்தானே என்று கேட்கலாம். முதலில் கூடும், உண்மைதான். ஆனால் பனி சிறுத்து ஒரு கட்டத்தைத் தாண்டியதும், மழையில்லாத மாதங்களில் ஆற்றுக்கு வரும் நீர் ஆண்டுக்காண்டு குறையும். வராஸ் வழியாக ஓடும் சாந்தா ஆற்றின் கிளைகள் பலவும் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன. இன்று வெள்ளத்துக்குப் பயப்படும் அதே விவசாயி நாளை தண்ணீர் இல்லாமல் நிற்பார்.

லியூயா கேட்டது பெரிய தொகை இல்லை. வெள்ளத்தைத் தடுக்கும் வேலைக்கான செலவில் ஏறத்தாழ அரை சதவீதம், சுமார் 17,000 யூரோ. தொழிற்புரட்சிக் காலம் முதல் உலகம் வெளியிட்ட புகையில் அந்த நிறுவனத்தின் பங்கு அவ்வளவு என்பது அவருடைய கணக்கு. 2015இல் தொடங்கிய வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. ஹம் நீதிபதிகள் 2022இல் வராஸ் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் வழக்குத் தள்ளுபடியானது. அவருடைய வீட்டுக்கு வெள்ளம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு என்றது நீதிமன்றம்.

"தோற்றுப்போன வழக்குத்தானே, இதில் என்ன பேச இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது. பெருமளவு புகை வெளியிடும் நிறுவனங்கள் அதன் விளைவுக்குப் பொறுப்பாக்கப்படலாம். பாதிக்கப்பட்டவர் மிகத் தொலைவில் இருக்கிறார் என்பது மட்டும் அந்தப் பொறுப்பை நீக்காது. அடுத்து வழக்குப் போடப்போகிறவருக்கு இந்த வாசல் திறந்திருக்கிறது.

"எல்லோரும்தான் கார் ஓடுகிறோம், ஒரு நிறுவனத்தை மட்டும் ஏன் பிடிக்க வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோருக்கும் பொறுப்பு என்று சொல்லிவிட்டால் கடைசியில் ஒருவருக்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். அவரவர் பங்கை அளந்து, அந்த அளவுக்குக் கேட்பதுதான் நியாயம். லியூயா கேட்டதும் அவ்வளவுதான்.

எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நடந்ததும் நம்முடைய விஷயம்தான் என்று சொல்லித்தான் நம்மை வீட்டில் வளர்த்தார்கள். தூர தேசத்து நீதிமன்றங்களிலும் நியாயம் கேட்கலாம் என்று நம்புகிற சமூகம் நம்முடையது. அந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது. வராஸில் இருந்து ஒருவர் அதே நம்பிக்கையோடு நம் வாசலுக்கு வந்தபோது, நம்மில் எத்தனை பேர் அவரைக் கவனித்தோம்?

பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்துக்கு அடுத்த முறை தலைப்புத் தேடும்போது வராஸை எடுங்கள். வாக்குரிமை உள்ளவர்கள், வாக்குக் கேட்டு வருபவரிடம் நிலக்கரியைப் பற்றிக் கேளுங்கள். வீட்டு மின்சாரம் எதில் இருந்து வருகிறது என்று அப்பாவின் மின்கட்டணக் கடிதத்தில் தேடிப் பாருங்கள். அது அதில் அச்சிடப்பட்டிருக்கும்.