இடுப்பில் இருந்தால் போதுமா?

கான்பூரில் தயாராகும் சிறு ரிவால்வர்களைப் பற்றிப் படித்தேன். 2014இல் பெண்களுக்கென வந்த ‘நிர்பீக்’ அரைக் கிலோ எடை, அப்போதைய விலை 1.22 லட்சம் ரூபாய், நகைப்பெட்டி போன்றதொரு பெட்டியில் வைத்து விற்றார்கள். 2023இல் வந்த ‘பிரபல்’ 50 மீட்டர் தூரம் சுடுமாம். எனக்கு மாதேஸ்வரன் மலைதான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துக் காடுகளில் பதுங்கித் திரிந்த சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனின் ஊரான கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்த வன அதிகாரி ஸ்ரீநிவாஸ், அவன் சரணடைவான் என்று நம்பி 1991 நவம்பரில் நிராயுதபாணியாகப் போனார், தலையை வெட்டினார்கள். ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த ஆகஸ்டில் மிண்ணியம் அருகே பலியான எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் எஸ்.ஐ. ஷகீல் அகமதுவும் துப்பாக்கி பிடிக்கப் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள். பதுங்கியிருந்தவன் முந்திக்கொண்டான். கைப்பையின் ஜிப்பைத் திறந்து நிர்பீக்கை வெளியே எடுக்க, அதை வாங்கிய பெண்ணுக்கு எத்தனை நொடி கிடைக்கும்? எடையையும் தூரத்தையும் ஒப்பிடுகிறவர்கள் இதற்கல்லவா முதலில் பதில் சொல்ல வேண்டும்!