கிளிக் செய்தால் மூலை சேராது

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் அனுப்பியிருப்பவர்கள் அவசியம் படியுங்கள்.

"இரண்டு பைப்பையும் தேர்வு செய்து மைட்டர் என்று ஒரு கிளிக் கொடுத்தால் சாஃப்ட்வேரே மூலையை வெட்டிச் சேர்த்துவிடும். இந்தக் காலத்தில் எதற்கு சார் கவராயமும் பாகைமானியும்?" டிசைன் கோர்ஸ் நடத்தும் ஒருவர் என்னிடமே கேட்டார். நான் பொறியாளன் இல்லை. நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். ஆனாலும் இந்தப் பேச்சை ஏற்க முடியாது.

மைட்டர் என்பது என்ன? நாம் ஏழாம் வகுப்பில் வரைந்த கோண இருசமவெட்டிதான். ஒரே அகலமுள்ள இரண்டு பைப்புகள் 90 பாகையில் சேர்ந்தால் ஆளுக்கு 45. அறுகோண ஃப்ரேம் என்றால் மூலை 120, ஆளுக்கு 60. இங்கேதான் முதல் சிக்கல். பட்டறையில் உள்ள கட்டிங் மெஷினில் நேர்வெட்டுதான் 0. ஆகவே அதில் வைக்க வேண்டியது 60 அல்ல, 30. நிரப்புக் கோணம் புரியாதவன் பைப்பை வீணாக்குவான்.

முக்கோண ஃப்ரேமில் மூலை 60 பாகை. மெஷினிலும் 60 வைக்க வேண்டும். ஆனால் பல கட்டிங் மெஷின்கள் 45-க்கு மேல் திரும்பாது. திரையில் அழகாகச் சேர்ந்த மூலையைப் பட்டறைக்காரர் கிரைண்டரை வைத்துக்கொண்டு எப்படி வெட்டுவார் என்று கிளிக் செய்த பையனுக்குத் தெரியுமா?

அகலம் வேறுபட்டால் 45-உம் பொய்யாகும். 50 மி.மீ. பைப்பும் 25 மி.மீ. பைப்பும் செங்கோணத்தில் முழுமுகமாகச் சேர வேண்டுமானால், வெட்டுக்கோடு செவ்வகத்தின் மூலைவிட்டமாகப் போகும். அகலமான பைப்பில் நீளவாட்டத்துக்கு சுமார் 63.4 பாகை, குறுகியதில் 26.6. இரண்டையும் 45-இல் வெட்டினால் ஒரு முகம் 71 மி.மீ., இன்னொன்று 35. எப்படி ஒட்டும்?

நீளக் கணக்கும் இருக்கிறது. 40 மி.மீ. சதுர பைப்பில், வெளி அளவு 1000-க்கு 600 என்று ஒரு ஃப்ரேம். மைட்டர் என்றால் வெளிமுனை நீளம் 1000 இரண்டு, 600 இரண்டு. நேர்வெட்டில் முட்டவைத்தால் 1000 இரண்டு, 520 இரண்டு. வெளிமுனை அளவா, உள்முனை அளவா என்று சொல்லாமல் கட் லிஸ்ட் கொடுத்தால் ஒவ்வொரு பீஸிலும் 80 மி.மீ. போகும்.

நான்கு மூலைக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக அரைப் பாகை பிசகினாலும் மொத்தம் 4 பாகை. மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்தால் நான்காவது மூலை வாய் பிளக்கும். திரையில் அது ஒருநாளும் பிளக்காது!

சாஃப்ட்வேர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓர் அளவை மாற்றினால் எல்லா பீஸும் தானே மாறுவது பெரிய வசதி. மைட்டர் பைப்பின் வாயை மூடுவதால் மழைநீர் உள்ளே போகாது, பார்வைக்கும் அழகு. ஆனால் மூடி போட்ட நேர்வெட்டே போதுமான இடத்தில் மைட்டர் வீண் வேலை. எங்கே எது என்று முடிவு செய்வது மனிதன். அந்த முடிவைச் சொல்லித்தராமல் பட்டனை மட்டும் காட்டிப் பணம் வாங்குவதற்குப் பெயர் பயிற்சியா?

கோர்ஸ் நடத்துபவர்களுக்கு ஒரே வேண்டுகோள். முதல் வாரம் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். அட்டையில் நான்கு பட்டை வெட்டி ஒரு ஃப்ரேம் ஒட்டச் சொல்லுங்கள். மூலை சேராதபோது பிள்ளை "ஏன்?" என்று கேட்பான். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோர்களே, கட்டணம் கட்டும் முன் இதை அவர்களிடம் கேளுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.